எதிர்த்தரப்பு

"எனக்கு எப்போ ஒரு வழக்கு கொடுப்பீங்க மேடம்?" என்று கேட்டார் ஆதிமூலம்.

ஜெய்த்தூன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நேத்து வந்த ரெண்டு பேரும் என்ன சொன்னாங்க ஐயா?"

"வெள்ளிமடை என்ற பம்ப் பெயர் யாருக்கு என்பதுதான் பிரச்சினை. பம்புக்கு அச்சு செஞ்சது நான்தான்னு முதல் தரப்பு சொல்லுது. ஊர் ஊரா அலைஞ்சு வித்தது நான்தான்னு எதிர்த்தரப்பு சொல்லுது."

"அது மனுவுலயே இருக்கு. அவங்க என்ன சொன்னாங்க?"

ஆதிமூலம் தன் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. மாவட்ட நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெய்த்தூனுக்கு நாற்பத்து நான்கு. பம்ப்செட் பட்டறைகள் நிறைந்த அந்த ஊரின் சமரச மையத்தில் பதினைந்து வருடமாக வியாபாரச் சண்டைகளைப் பேசித் தீர்த்துவைப்பவர்.

ஆதிமூலம் முப்பத்தொரு வருடம் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு நாளில் ஒருவர் கும்பிடுவார், இன்னொருவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார். கும்பிட்டவர் முகத்தில்கூட நிம்மதியை அவர் கண்டதில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பாரம் இறங்குகிற ஒரு நாளைப் பார்த்துவிட வேண்டும். அவருக்குள் இருந்த ஏக்கம் அவ்வளவுதான். மனைவியிடம் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. அதுதான் இந்த வயதில் அவரை ஜெய்த்தூனிடம் மாணவராகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது. நான்கு மாதம் ஆகியும் ஒரு வழக்கும் கைக்கு வரவில்லை.

முந்தின நாள் வந்த மாசிலாமணியும் நஞ்சப்பனும் இருபத்திரண்டு வருடம் கூட்டாளிகள். பம்பின் இரும்பு உடலை வார்க்க முதலில் மரத்தில் ஓர் அச்சு வேண்டும். அதைச் செதுக்குவது மாசிலாமணி. வந்த பம்பை விற்பது நஞ்சப்பன். பிரிந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. வழக்கு இழுத்துக்கொண்டே போக, நீதிமன்றமே இப்போது இருவரையும் சமரசத்துக்கு அனுப்பியிருந்தது. வழக்கு முடியும்வரை வெள்ளிமடை என்ற பெயரை இருவருமே தொடக்கூடாது. இருவரும் இப்போது யார் யார் பெயருக்கோ பம்ப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதிமூலம் வீட்டில் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினார். எந்த மாவட்டத்தில் யார் அந்தப் பெயரில் விற்பது, எந்த அச்சு யாரிடம் இருப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஒரு எழுத்தைக்கூடக் குறை சொல்ல முடியாது.

மாசிலாமணி படித்தார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

நஞ்சப்பன் படித்தார். "நல்லாத்தானுங்க இருக்குது."

இருவருமே கையெழுத்துப் போடவில்லை.

"அதுல என்னதான் குறை மேடம்?"

"குறையே இல்லீங்க ஐயா. ஆனா அதை யாரு கேட்டாங்க?"

மறுநாள் ஜெய்த்தூன் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். முதலில் மாசிலாமணியிடம் போனார். ஆதிமூலமும் கூடப் போனார்.

மாசிலாமணியின் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"கை என்னாச்சுங்க?" என்று கேட்டார் ஜெய்த்தூன்.

"ரம்பத்துல போச்சுங்க. ஏழு வருசமாச்சு. பத்தொம்போது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன்."

ஜெய்த்தூன் வேறொன்றும் கேட்கவில்லை. காத்திருந்தார். ஆதிமூலத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"அந்தாளு வருலீங்க" என்றார் மாசிலாமணி.

"யாரு?"

"எதிர்த்தரப்புங்க."

சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார்.

"கதவு தொறக்கறப்பல்லாம் பாத்தனுங்க. நர்ஸம்மா வரும். கூட்டற ஆளு வரும். சண்டை போடறதுக்காச்சும் வருவான்னு பாத்தனுங்க."

"இதை அவருகிட்டச் சொல்லலாங்களா?"

சமரச அறையில் ஒருவர் சொன்னது அவர் சம்மதம் இல்லாமல் அடுத்த அறைக்குப் போகாது. மாசிலாமணி வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. ஆனா நான் எதிர்பாத்தேன்னு சொல்லாதீங்க." பிறகு, "சரி, அதையுஞ் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்ததும் ஜெய்த்தூன் நின்றார்.

"நீங்க போங்க ஐயா. அவரு சொன்னது மட்டும்."

ஆதிமூலம் அடுத்த அறைக்குள் போனார். நஞ்சப்பனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதல் தரப்பினர் என்ன கருதுகிறார் என்றால்..." என்று தொடங்கினார்.

நிறுத்தினார்.

"'பத்தொம்போது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன். கதவு தொறக்கறப்பல்லாம் பாத்தேன். சண்டை போடறதுக்காச்சும் வருவான்னு பாத்தேன்' அப்படீன்னார்."

நஞ்சப்பன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"போனனுங்க. பத்தொம்போது நாளும் போனனுங்க. எதுத்தாப்புல ஒரு பஸ் ஸ்டாப்பு. அங்கிருந்தா மூணாவது மாடி ஜன்னல் தெரியும். சாப்பாட்டு நேரத்துல போயி உக்காந்து பாத்துட்டு வருவனுங்க."

"உள்ளே போயிருக்கலாமே?"

"கோர்ட்டு உத்தரவு இருக்குதுங்களே. பேசக்கூடாது, பக்கத்துல போகக்கூடாதுன்னு. மீறினா ஜெயிலுன்னு வக்கீல் சொன்னாரு. பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிருந்தனுங்க."

ஆதிமூலம் வழக்குக் கட்டை விரித்தார். உத்தரவு உள்ளே இருந்தது. நான்கே வரி. "வழக்கு முடியும்வரை இரு தரப்பினரும் நேரிலோ ஆள் மூலமோ ஒருவரையொருவர் அணுகலாகாது." பிழையில்லாத, சுருக்கமான உத்தரவு.

கீழே இருந்த கையெழுத்து அவருடையது.

அவருக்கு நினைவே இல்லை. வக்கீல்கள் மட்டும் வந்து நின்று வாங்கிப்போன எத்தனையோ உத்தரவுகளில் ஒன்று. பட்டறையில் இருவரும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மோதியதாகப் போலீஸ் அறிக்கை கூடவே இருந்தது. இன்று எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதியிருப்பார். வழக்கு முடியும்வரை என்றால் எத்தனை வருடம் என்று மட்டும் எழுதியவர் யோசிக்கவில்லை.

வழக்குக் கட்டோடு நடைவழிக்கு வந்தார். ஜெய்த்தூனிடம் காட்டினார்.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

ஜெய்த்தூன் படித்தார். கட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தார். பிறகு போய் மாசிலாமணியைக் கூட்டிவந்து நஞ்சப்பன் இருந்த அறையில் உட்கார வைத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு ஆதிமூலத்துக்காக நின்றார்.

ஆதிமூலம் உள்ளே போனார். உட்காரவில்லை.

"ஒருத்தரையொருத்தர் பார்க்கக்கூடாதுன்னு அன்னிக்கு உத்தரவு போட்டது நான். இப்போதான் எனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகு நான் இந்த அறையில இருக்கக்கூடாது. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"நஞ்சப்பன், நீங்க சொன்னதை இவருகிட்டச் சொல்லலாமா?"

நஞ்சப்பன் தலையை மட்டும் அசைத்தார்.

"மாசிலாமணி, இவர் பத்தொன்பது நாளும் வந்திருக்கார். எதிர்ல பஸ் ஸ்டாப்புல உக்காந்து உங்க ஜன்னலைப் பார்த்துட்டுப் போயிருக்கார்."

மாசிலாமணியின் முகம் என்ன ஆகிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. முப்பத்தொரு வருட ஆசை. ஆதிமூலம் திரும்பி நடந்தார். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். உட்கார்ந்தே இருந்தார்.

பிறகு மாசிலாமணியின் குரல் வந்தது.

"எந்த ஜன்னலு?"

"மூணாவது மாடி. நீலத் திரை போட்டது."

"அது என்ற ரூமு இல்லடா. நான் பின்னாடிப் பக்கமல்லோ கெடந்தேன்."

அப்புறம் உள்ளே ஒரு சத்தம். சிரிப்பா, அழுகையா, ஒருவருடையதா, இருவருடையதா, ஆதிமூலத்தால் கண்டுகொள்ள முடியவில்லை.

வெள்ளிமடை யாருக்கு என்பதை அதன் பிறகு மூன்று முறை கூடிப் பேசி அவர்களே எழுதிக்கொண்டார்கள். அன்று அந்தப் பேச்சே வரவில்லை.

கதவு திறந்தது. ஜெய்த்தூன் மட்டும் வந்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன பேசறாங்க மேடம்?"

"தெரியலீங்க ஐயா. நானும் எந்திரிச்சு வந்துட்டேன்."

"போகச் சொல்லிட்டாங்களா?"

"இல்லீங்க. நான் அங்க இருக்கறது அவங்களுக்கு ஞாபகமே இல்லை."