பாகற்கொடி விழுங்கிய பேச்சு

கொடிகளும் குருவிகளும் நம்மோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சாமி புண்ணியத்தில் பாகற்காயும் இனிப்பாகத்தான் காய்த்தது. பிள்ளைகள் அதைப் பச்சையாகவே கடித்துத் தின்பார்கள். கசப்பு என்று ஒரு சொல்லே யார் வாயிலும் கிடையாது.

ஆற்றுக்கு இக்கரையில் வேலம்மை இருந்தாள். அக்கரையில் அவள் தங்கை நாச்சி. நாச்சி தன் மகளுக்குக் காது குத்த நாள் குறித்தாள். அக்காவை நேரில் போய் அழைப்பதுதான் முறை. ஆனால் ஆற்றில் வெள்ளம். வடிந்ததும் அக்கா வந்துவிடட்டும் என்று ஒரு மைனாவிடம் சொல்லி அனுப்பினாள். மைனா வழியில் அத்திப்பழத்தைக் கண்டது. சொல்ல வந்ததை மறந்தே போனது.

விசேஷத்தன்று மேளச் சத்தம் இக்கரை வரை கேட்டது. வேலம்மை அரிசி கழுவிய தண்ணீரைப் பாகற்கொடிக்கு ஊற்றியபடி அழுதாள். கூடப் பிறந்தவளை மறந்துவிட்டாளே என்று தினமும் கொடியிடமே சொல்லிச் சொல்லிப் புலம்பினாள்.

"அவகிட்டயே கேளேன், தாயே" என்றது கொடி.

"நான் எதுக்குக் கேக்கணும்? நீயும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

வளர்த்தவள் சொல்லைத் தட்ட முடியாமல், கொடி அத்தனையையும் விழுங்கியது. அதன் காயெல்லாம் மேனி சிலிர்த்து முள்முள்ளாக ஆயிற்று.

எட்டாம் நாள் நாச்சி மகளோடு வந்தாள். அக்கா முகத்தைப் பார்த்ததும், "என்மேல ஏதும் வருத்தமா, அக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லை" என்றாள் வேலம்மை. வந்தவளை வெறுங்கையோடு விடக்கூடாதே என்று ஒரு காயைப் பறித்து அவள் கையில் கொடுத்தாள்.

நாச்சி கடித்தாள். முகம் சுருங்கியது. துப்பிவிட்டு அக்காவையே பார்த்தாள்.

"மைனாகிட்ட அவ்வளவு சொல்லி அனுப்பினேன். உனக்குப் போட்ட இலை சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. வரத்தான் இல்லை, இப்போ இதைக் கொடுக்கிறியே" என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாச்சி கடித்துப் போட்ட மீதிக் காயை வேலம்மை தரையிலிருந்து எடுத்து வாயில் வைத்தாள். "என்னது இது?" என்று கொடியிடம் கேட்டாள்.

"அவகிட்டச் சொல்லாம என்கிட்டச் சொன்னதுதான். கசப்புன்னு பேர் வச்சுக்கோ" என்றது கொடி. அதற்கப்புறம் அது பேசவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வேலம்மை ஆற்றைக் கடந்தாள். நாச்சி பாய் போட்டாள், மோர் கொடுத்தாள், குறை ஒன்றும் வைக்கவில்லை. வருத்தமா என்று இவள் கேட்டதற்கு மட்டும், "ஒண்ணுமில்லை, அக்கா" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், உறவுக்குள் முகம் திரும்பிப் போவதை மனக்கசப்பு என்று சொல்வதும், பாகற்காயைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வதும். கொடி மட்டும் இன்னும் தன் பழைய இனிப்பைச் சிவந்த விதையைச் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறது. காய் பழுத்து, தானாக வெடித்து அதைக் காட்டும்போது, பறிக்கிற காலம் போய்விட்டிருக்கும்.