ஆட்டுக்கல்லில் நாற்பத்தொன்று

இந்தக் கதையைக் காதால் மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். விரலையும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். அப்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது, ஆமாம்!

கோவில்பட்டியில் வேல்ச்சாமி என்று ஒரு லோடு ஆட்டோக்காரன். அவன் மனைவி மாரிச்செல்வி ஏழு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் ஐந்தாம் மாதத்திலேயே கலைந்துபோயின. மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் வேல்ச்சாமி எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவான். தாடியும் எடுக்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், கொல்லைப்புறம் போன மாரிச்செல்வி, "என்னங்க, ஓடியாங்க!" என்று கத்தினாள். பாவம், அவன் போட்டது போட்டபடி ஓடினான். போய்ப் பார்த்தால், கிரைண்டர் வந்தபின் மூலையில் போட்ட பழைய ஆட்டுக்கல். அதன் குழி நிறைய மழைத்தண்ணீர். தண்ணீருக்குள் வாலை ஆட்டிக்கொண்டு தலைப்பிரட்டைகள். எந்தத் தவளை எப்போது வந்து முட்டையிட்டதோ!

டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளி வாளியில் விட்டு எண்ணினாள். நாற்பத்தொன்று.

"இதுங்க எல்லாம் தவளையாகிப் போயிருச்சுன்னா, நம்ம பிள்ளையும் நல்லபடியா வந்துரும்ங்க. ஒண்ணுகூடக் குறையக் கூடாது."

வேல்ச்சாமி சரியென்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

புதன்கிழமை வந்தாள் ஜெபக்கனி. வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லும் கொசு ஒழிப்புப் பணியாளர். தற்காலிக வேலைதான். ஒரு புகார் போதும், சீட்டுக் கிழிந்துவிடும்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில டெங்கு வந்தா என்னாகும் தங்கச்சி? கொட்டிரு."

மாரிச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. வேல்ச்சாமி தன் வேட்டியை இரண்டாக மடித்துக் கல்லின் மேல் போர்த்தி, கொசு நுழைய முடியாதபடி கயிற்றால் இறுகக் கட்டிக் காட்டினான். ஜெபக்கனி துணியை விலக்கி, டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்த்தாள். கொசுப்புழு ஒன்றுகூட இல்லை.

"வாராவாரம் வந்து பார்ப்பேன். ஒரு புழு கண்ணுல பட்டுச்சு, நானே கவுத்திருவேன்" என்றாள். வாசலில் நின்ற மேற்பார்வையாளர் கேட்டதற்கு, "கொட்டியாச்சு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மாரிச்செல்வி கீரையை வேகவைத்து, மசித்து, துளித்துளியாகப் போட்டாள். பிளீச்சிங் வாடை போக ஒருநாள் முழுக்க வாளியில் வைத்திருந்த தண்ணீரைத்தான் ஊற்றினாள். தினமும் காலையில் வடிகட்டியால் அள்ளி எண்ணி, அடுப்படிவரை கேட்கும்படி "நாப்பத்தொண்ணு!" என்று அறிவித்தாள். அதைக் கேட்டபிறகுதான் வேல்ச்சாமிக்கு இட்லி இறங்கும்.

மூன்றாம் வாரப் புதன்கிழமை. ஆறு நாளைக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீர் அன்று வந்தது. மாரிச்செல்வி விளக்குப் போடக் கோவிலுக்குப் போயிருந்தாள். அவள் குனிந்து நிமிர வேண்டாமே என்று, வேல்ச்சாமியே குழியின் பழைய தண்ணீரை மட்டும் முகந்து கொட்டிவிட்டு, ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றினான். வீட்டில் இருப்பதிலேயே உசத்தியானது அதுதானே! ஆனால் அன்றைக்குப் பார்த்துக் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் தூக்கலாக இருந்தது. சற்று நேரத்தில் மூன்று தலைப்பிரட்டைகள் வயிறு தெரிய மிதந்தன.

அலறியடித்து வாளித் தண்ணீருக்கு மாற்றி மற்றவற்றைக் காப்பாற்றிவிட்டான். செத்த மூன்றையும் கையில் ஏந்திக்கொண்டு நின்றபோதுதான் ஜெபக்கனி வந்தாள். வாடையிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நானே கொன்னுட்டேன்க்கா. அவகிட்ட சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? செங்கல் சூளைக்குப் பின்னாடி பள்ளத்துல இதே மாதிரி நிறைய கிடக்கு. ஓடுங்க தம்பி!"

ஓடினான். தேங்காய்ச் சிரட்டையால் ஒரே அள்ளாக அள்ளினான், நான்கு வந்தன. மாரிச்செல்வி வருவதற்குள் என்று அப்படியே கொண்டுவந்து குழியில் கவிழ்த்தான். செத்ததை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாரிச்செல்வி கோவிலிலிருந்து வந்தாள். வடிகட்டியை எடுத்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். மண் கிளறியிருந்த முருங்கை மரத்தடியை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே வேல்ச்சாமி இட்லித் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"நாப்பத்தொண்ணு இருக்குங்க! சாப்பிடுங்க."

அவனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மறுநாளிலிருந்து அவள் எண்ணவில்லை. கேட்டதற்கு, "கண்ணு பட்டுரும்ங்க" என்றாள். கீரை போடுவதை மட்டும் ஒருநாளும் நிறுத்தவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அவற்றுக்குக் காலும் கையும் முளைத்தன. துணியை அவிழ்த்துவிட்டு அவள் சாய்த்துவைத்த குச்சியைப் பிடித்து ஏறி, ஒவ்வொன்றாகக் குதித்துப் போயின. மார்கழியில் பெண் குழந்தை, கொழுகொழுவென்று. பார்க்க வந்த ஜெபக்கனியும் வேல்ச்சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, இப்போது சொல்லுங்கள். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்தவள் ஜெபக்கனி. மனைவி நெஞ்சு நோகக் கூடாதென்று தன் குற்றத்தை விழுங்கிக்கொண்டவன் வேல்ச்சாமி. கீரை போட்டு வளர்த்தவள் மாரிச்செல்வி. இந்த மூவரில் யாருடைய மனசு பெரிசு?

விடை: விரலை மடக்கினீர்களா? நாற்பத்தொன்றில் மூன்று போனால் முப்பத்தெட்டு. சிரட்டையில் வந்தவை நான்கு; அவசரத்தில் அவன் எண்ணவில்லை. அன்று குழியில் இருந்தவை நாற்பத்திரண்டு! இரண்டு தடவை எண்ணியவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? மரத்தடியில் கிளறிய மண்ணையும் பார்த்தாளே! எதைப் பிள்ளைக்கு அடையாளமாக நம்பினாளோ அது உடைந்துவிட்டது என்று தெரிந்தும், புருஷன் சாப்பிட வேண்டுமே என்று 'நாப்பத்தொண்ணு' என்றாள். வேல்ச்சாமிக்குச் சொல்லி அழ ஜெபக்கனி இருந்தாள். மாரிச்செல்வி அந்தப் பயத்தைப் பிள்ளையோடு சேர்த்து, பிரசவம்வரை தனியாகச் சுமந்தாள். அவள் மனசுதான் பெரிசு. வேல்ச்சாமிக்கு இது இன்றுவரை தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.