மலைத்தாயின் மடி

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு யாப்பும் அணியும் சொல்லிக்கொடுத்த நல்லமங்கைக்கு நாற்பது. ஊர் அதைச் சொல்லிச் சிரித்தது. இருவருக்கும் அதைக் காதில் வாங்க நேரமில்லை.

ஒரு நாள் காலை மாசிலாமணி கையில் தாளோடு வந்தார். வந்த காரியம் சாவு. முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

"அம்மா, கல் குவாரியில் செத்துப்போன சடையனுக்குப் பதினாறாம் நாள் கல் நடுகிறார்கள். அதில் வெட்ட முதலாளி என் பாட்டைக் கேட்டிருக்கிறார்."

"படியுங்கள்."

"உழைத்துக் களைத்த மகனை மலைத்தாய்
அழைத்து மடியில் கிடத்திக் கொண்டாள்."

நல்லமங்கை தாளை வாங்கிப் பார்த்தார்.

"தற்குறிப்பேற்ற அணி அம்மா. சரியாக வந்திருக்கிறதா?"

"அந்த அணி என்றால் என்ன?"

"தானாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞன் தன் மனத்திலிருந்து ஒரு காரணம் ஏற்றிச் சொல்வது."

"வாருங்கள்," என்று நல்லமங்கை செருப்பை மாட்டிக்கொண்டார்.

சடையனின் மனைவி வெள்ளத்தாய் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நல்லமங்கை சொன்னதால் மாசிலாமணி அவள் எதிரில் நின்று பாடினார். குரல் நன்றாகவே இருந்தது. அதுதான் கொடுமை.

வெள்ளத்தாய் அழவில்லை.

"மடியிலயா கெடந்தாரு? மிதிபட்ட நத்தையாட்டம்ல கெடந்தாரு. சாக்குல கட்டித்தான் குடுத்தாங்க."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார் நல்லமங்கை.

"மூணு குழியில வேட்டு வச்சாங்க. ரெண்டு சத்தந்தான் கேட்டுச்சு. ஒண்ணு கொறஞ்சா மறுநாள் வரைக்கும் யாரும் மேல ஏறக் கூடாது, அதான் எங்க வழக்கம். இவரும் சொல்லியிருக்காரு. 'லோடுக்கு லாரி நிக்குது, மேல ஏறுடா'ன்னுட்டாரு மொதலாளி. ஏறினாரு."

"விசாரணை உண்டா?"

"தாசில்தார் வர்றாராம். அவரு வர்றதுக்குள்ள கல்ல நட்டுரணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இவருகூட வேல பாத்தவங்களக் கேட்டா, மலை எடுத்துக்கிச்சுங்கிறாங்க."

இருவரும் திரும்பி நடந்தார்கள். குவாரிப் பக்கம் உளிச் சத்தம் கேட்டது. கல்தச்சன் வேலையைத் தொடங்கிவிட்டான்.

மாசிலாமணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அணியே இல்லாமல் எழுதியிருக்க வேண்டுமா, அம்மா?"

"அந்த நத்தை அணி இல்லையா?"

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை.

"எதுகை சரி, ஓசை சரி. படித்தபோது முதலாளி கண்கலங்கினார். ஊரில் எத்தனையோ பேர் எழுதிக் கொடுத்தார்கள். என்னுடையதைத்தானே எடுத்தார்?"

"மற்றவர்கள் என்ன எழுதினார்கள்?"

"நல்லவன், உழைப்பாளி, வேட்டு வெடித்து இறந்தான் என்று. வெறும் செய்தி."

நல்லமங்கை நின்றார்.

"கல்லில் வேட்டு என்று இருந்தால், வைத்தது யார், ஏறச் சொன்னது யார் என்று தாசில்தார் கேட்பார். நீங்கள் மலையைச் சொல்லிவிட்டீர்கள். அது எழுந்து வந்து, நானில்லை என்று சொல்லப்போவதில்லை."