நீலச் சுடரும் எருமையின் வயலும்

நரியே, உன்னைத்தான் சொல்கிறேன். அந்த எருமையின் வயலை மெலிய வைத்தவன் நீதான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. பிள்ளைகளே, நீங்கள் சாட்சியாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு காட்டில், மூடுபனி படுத்தே கிடக்கும் பள்ளத்தில், எருமை ஒன்று நெல் விளைத்துவந்தது. தின்று மிஞ்சிய வைக்கோலை வயலிலேயே கொளுத்திவிடும்.

அதைப் பார்த்த நரி ஓடி வந்தது.

"கொளுத்தாதே அக்கா. வைக்கோலையும் சாணத்தையும் என் குழியில் போடு. மூடி வைத்தால் வாயு கிளம்பும், விளக்கு எரியும். அடியில் மிஞ்சுகிற குழம்பு உன் வயலுக்கு எரு. விளக்கு எனக்கு, எரு உனக்கு."

எருமைக்குப் பேரம் பேசத் தெரியாது. சரி என்று தலையாட்டியது.

வாயு கிளம்பியது. பனிக்குள் நீலச் சுடர்கள் மிதந்தன. காடே தண்ணீருக்கடியில் கண்மூடிக் கிடப்பதுபோல் இருந்தது. மான்குட்டிகள் சுடரைச் சுற்றிப் படுத்துக் குளிர்காய்ந்தன. ஒவ்வொரு தாய்மானும் நரிக்கு ஒரு பழம் கொண்டுவந்து வைத்தது.

பழம் போதவில்லை நரிக்கு. மேட்டில் கிழங்கு போட்டிருந்த முள்ளம்பன்றி, அந்தக் குழம்பைத் தனக்குக் கொடுத்தால் விளைச்சலில் பாதி தருவதாகச் சொன்னது. அன்றிலிருந்து குழம்பெல்லாம் மேட்டுக்கே போயிற்று. எருமை கேட்டபோதெல்லாம், இன்னும் ஊறவில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று நரி தட்டிக்கழித்தது.

இரண்டு போகம் கழிந்தது. வயல் வெளிறிப்போனது. நெல் முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. மூன்றாம் அறுப்பில் எருமை கொண்டுவந்தது ஒரே ஒரு கட்டு வைக்கோலும் ஒரு பிடிச் சாணமும்தான். சுடர் நூலாய் இளைத்து, ஒரு மாலையில் பனியோடு பனியாய்க் கரைந்துபோனது.

நரி பாய்ந்து வந்தது. "என்ன அக்கா, ஒரு கட்டுதானா? மீதியை எவனுக்குக் கொடுத்தாய்?"

எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

"என் வயலுக்கு வரவேண்டியதை நீ எவனுக்குக் கொடுத்தாயோ, அவனிடம் போய்க் கேள் தம்பி. பட்டினி கிடக்கிற மண் உனக்கு மட்டும் எப்படி விளக்கேற்றும்?"

நரி மேட்டுக்கு ஓடி, குழியில் போடக் கிழங்குக் கொடியையாவது கொடு என்று கெஞ்சியது. அதையும் தின்றாயிற்று, வேண்டுமானால் என் முள்ளைப் போட்டு எரித்துப் பார் என்றது முள்ளம்பன்றி.

கீழே பள்ளத்தில், மான்குட்டிகள் அணைந்த குழியைச் சுற்றி நடுங்கியபடி இன்னும் படுத்திருக்கின்றன.

நீதி: எந்த மண் உனக்கு விளக்குக் கொடுத்ததோ, அந்த மண்ணுக்கு முதலில் தீனி போடு. குழியின் அடியில் இன்னும் கொஞ்சம் குழம்பு கிடக்கிறது. எழுந்திரு நரியே, எருமையின் வயலில் கொண்டுபோய் ஊற்று.