நெடுங்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மானியம் கிடைத்த கதை

வீரமங்கலத்தை ஆண்ட செருவேந்தர் தானம் செய்வதில் குறை வைத்ததே இல்லை. ஏரி வெட்டுவார், சத்திரம் கட்டுவார். முடித்த கையோடு பக்கத்தில் ஆள் உயரக் கல் ஒன்றை நட்டு, அதில் தன் பெருமையை நாற்பது வரிக்குச் செதுக்கி வைப்பார். சில ஊர்களில் ஏரி ஒழுகும். கல் ஒழுகாது. இப்படி நாற்பத்தொரு ஊரில் நாற்பத்தொரு கல் நின்றது.

நெடுங்கரை என்ற ஊரில் ஏரியும் இருந்தது, கல்லும் இருந்தது, ஒரு பள்ளிக்கூடமும் இருந்தது. பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு கீற்றுக்கொட்டகை, முப்பது பிள்ளைகள், உலகநாதர் என்று ஒரு வாத்தியார். அவர் அரண்மனையில் கேட்ட மானியம் மாதம் இரண்டு கலம் நெல். அவ்வளவுதான்.

மானியம் கொடுக்கும் அதிகாரி ஏகாம்பரம் ரொம்ப ஒழுங்கான மனுஷர். முதல் வருஷம், மனு ஓலை ஒரு விரற்கடை நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் வருஷம், பள்ளிக்கூடம் வேண்டும் என்று ஊரார் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். ஊரார் ஆளுக்கொரு கீறல் போட்டு அனுப்பினார்கள். கீறல் செல்லாது, எழுத்துத் தெரிந்தவர்கள் கேட்டால்தான் மானியம் என்று ஓலை திரும்பி வந்தது. எழுத்துத் தெரிந்தால் அவர்கள் எதற்கய்யா பள்ளிக்கூடம் கேட்கிறார்கள்? அதையெல்லாம் ஏகாம்பரத்திடம் கேட்கக் கூடாது.

மூன்றாம் வருஷம் உலகநாதர் மனு எழுதவில்லை. பக்கத்து நாட்டு மிளகு வியாபாரி ஒருவர் வேலைக்குக் கூப்பிடுகிறார், வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன், பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிறேன் என்று அம்பலக்கூத்தருக்கு ஒரு ஓலை அனுப்பினார். அம்பலக்கூத்தர் சபைப் புலவர். அரசர் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை பேசக்கூடியவர் அந்தச் சபையில் அவர் ஒருவர்தான்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அரசர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"பள்ளிக்கூடத்தால் என் புகழுக்கு என்ன லாபம்? அதற்குத்தான் ஊர் ஊராகக் கல் நட்டிருக்கிறேனே. கல் செய்யாததைப் பள்ளிக்கூடம் செய்யும் என்று வெள்ளிக்கிழமைக்குள் காட்டும். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை இனி எடுக்காதீர்" என்றார்.

அம்பலக்கூத்தர் வாதாடவில்லை. நெடுங்கரைக் கல்லை மகாராஜா ஒருதரம் நேரில் பார்த்தால் போதும், ஆனால் ஜவுளி வியாபாரி வேஷத்தில் வர வேண்டும் என்றார். தன் கல்லைப் பார்ப்பதென்றால் அரசருக்குக் கசக்குமா? வியாழக்கிழமை காலையில் ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் வண்டியில் போய் இறங்கினார்கள்.

கல்லைப் பார்த்ததும் அரசருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மஞ்சள் பூசி, மாலை போட்டிருந்தார்கள். மேலே குடைக்குக் கீழே அரசர் உருவம். நடுவே நாற்பது வரி. அடியில் ஒரு கழுதை. தர்மத்தைக் கெடுப்பவன் கழுதையாகப் பிறப்பான் என்று சாபம் எழுதி, பக்கத்தில் கழுதையையும் செதுக்கிவிடுவது அந்த நாட்டு வழக்கம். கல்லின் முன்னால் ஒரு வாழை இலையில் ஊறவைத்த கொள்ளு இருந்தது. அது மட்டும் எதற்கென்று அரசருக்குப் புரியவில்லை.

ஏரியில் மண் எடுக்க வந்த வள்ளியாயி என்ற குயவர் வீட்டுப் பெண்ணை நிறுத்தி, இந்த மாலை யாருக்கு என்று கேட்டார்.

"கழுதைக்குங்க" என்றாள் அவள்.

அவளே விளக்கினாள். "மேல நிக்கிறது நம்ம ராசா. கீழ அவரு ஆசையா வளத்த கழுதை. தண்ணி இல்லாம தவிச்சுச் செத்துப்போச்சு. அந்தத் துக்கம் தாங்காமத்தான் இந்த ஏரியை வெட்டி, கழுதைக்குக் கல்லு நட்டாரு."

"நடுவில் நாற்பது வரி எழுதியிருக்கிறதே, அம்மா?"

"அது ஒப்பாரிங்க."

வருஷா வருஷம் ஆடி மாதத்தில் கழுதைக்குப் படையல் போடுகிறார்களாம். போகிற வருகிற வண்டிக்காரர்களும் ஒரு கைப்பிடி கொள்ளு வைத்துவிட்டுப் போகிறார்களாம். அவர்கள் வழியாக மூன்று நாட்டுக்கு இந்தக் கதை தெரியுமாம். ஒரு வாயில்லாச் சீவனுக்கு இவ்வளவு செய்தாரே, தங்கமான மனுசர் என்று சொல்லி அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அரசரால் தாங்க முடியவில்லை.

வேறு மாதிரி யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார்.

"வாத்தியாரு என்னமோ வேற சொன்னாருங்க. பாவம், அவருக்கு மூணு மாசமா அரைவயித்துக் கஞ்சி. பசி மயக்கத்துல பேசறாருன்னு விட்டுட்டோம்."

அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அரசர் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரம் ஒரு யோசனை சொன்னார். இது கழுதைக்கு நட்ட கல் இல்லை என்று எழுதிப் பக்கத்திலேயே இன்னொரு கல் நட்டுவிடலாமாம்.

"தாராளமாக நடலாம். இரண்டாவது கழுதையும் போய்விட்டது என்று இன்னொரு இலை போடுவார்கள்" என்றார் அம்பலக்கூத்தர்.

அரசர் அவரிடம் கேட்டார்: "இந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் படிக்க எத்தனை நாள் ஆகும்?"

"வாத்தியார் இருந்தால் இரண்டு வருஷம். நாளைக்கு அவர் போய்விடுவார், மகாராஜா."

அவ்வளவுதான். மாதம் இரண்டு கலம் கேட்டவருக்கு ஐந்து கலம் எழுதச் சொன்னார் அரசர். ஏகாம்பரம் ஓலையைக் கையில் எடுத்து, நீளம் பார்க்காமல் எழுதினார். சேதி போனதும் உலகநாதர் கட்டிய மூட்டையைப் பிரித்துவிட்டு, நேரே கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். நடுவில் ஒருதரம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏகாம்பரத்துக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. இந்த ஒரு ஊரோடு மானியம் நிற்கட்டும், மற்ற நாற்பது ஊருக்கும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அரசரும் சரிதான் என்று வண்டியில் காலை வைத்தார்.

"ஆகட்டும் மகாராஜா" என்றார் அம்பலக்கூத்தர். "போகிற வழியில் அந்த நாற்பது ஊரிலும் கொஞ்சம் இறங்கி, அங்கே கல்லுக்கு என்ன கதை சொல்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவோம்."

அரசர் வைத்த காலைக் கீழே இறக்கினார். கல்லைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அம்பலக்கூத்தருக்குத் தன் கைக் காப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"நாற்பத்தொரு பள்ளிக்கூடம் என்று எழுதும். எங்கேயும் போய்க் கேட்க வேண்டாம்."