நான்கு வெள்ளை ஷூக்கள்

"என் பெண்களுக்கு எந்தப் பள்ளிக்கூடம் நல்லது, குருஜி?" என்று கேட்டாள் பூர்ணிமா.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கேள்வி இவ்வளவுதான். அதைக் கேட்டு முடிக்க பூர்ணிமாவுக்கு இருபது நிமிடம் ஆனது. சுருக்கிச் சொல்லிவிடலாம்.

போட் கிளப் பக்கம் அவள் வீடு. அங்கே நாயிடமும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அவளுக்கு இரட்டைப் பெண்கள், தாரிணியும் வைகாவும். ஐந்து வயது முடிந்துவிட்டது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு.

முகம் வேறு, குரல் வேறு. ஆனால் ஒரே கவுன், ஒரே பின்னல், ஒரே கேக். வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ட்வின்ஸ், சாப்பிட வாங்க" என்றால் இரண்டும் வரும். வசதிதான்.

ஒன்பது பள்ளிகளைக் கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டிருந்தாள். நீச்சல் குளம் உண்டா, குதிரை உண்டா, பஸ்ஸில் ஏசி உண்டா. எல்லாவற்றுக்கும் உண்டு என்று வந்தது ஒரே பள்ளி. அந்த வட்டாரத்தில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். 'ஸ்கூல்' என்றால் அதுதான்.

விண்ணப்பத்தில் ஓர் இடம் இருந்தது. உங்கள் குழந்தையைப் பற்றி எழுதுங்கள். அதை எழுதித் தர ஊரில் ஆள் இருக்கிறார்கள். அட்மிஷன் கன்சல்டன்ட் என்று பெயர். அந்தப் பெண்மணி ஒரு பத்தி எழுதித் தந்தாள். பூர்ணிமா அதையே இரண்டு விண்ணப்பத்திலும் ஒட்டினாள்.

ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே பத்தி. பள்ளியின் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை விண்ணப்பம் வந்திருக்கிறது என்று ஒன்றைத் தள்ளிவிட்டது.

தாரிணிக்கு இடம் கிடைத்தது. வைகா இல்லவே இல்லை.

ஆபீசில் போய்ச் சண்டை போட்டாள். கடைசியாக ஒரு வழி சொன்னார்கள். இன்னும் ஓர் இடம் இருக்கிறது. இரண்டாவது பெண்ணைப் பற்றி அம்மாவே, கையால், எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள். தவறினால் ஒருத்தி ஒரு பள்ளி, இன்னொருத்தி வேறு பள்ளி.

அன்று திங்கட்கிழமை.

குருவுக்குப் பூர்ணிமாவைவிட இரண்டு வயது குறைவு. மந்தைவெளியில் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் கீதை வகுப்பு. வருகிறவர்களின் கார்கள் தெருவை அடைத்துக்கொள்வதால் கீழ்வீட்டுக்காரருக்கு ஆன்மிகத்தின் மேலேயே கோபம்.

"அந்தப் பத்தியைப் படி" என்றாள் குரு.

பூர்ணிமா போனை எடுத்துப் படித்தாள். என் மகள் ஆர்வம் மிக்கவள். புத்தகங்களை நேசிப்பவள். விலங்குகளிடம் பரிவு கொண்டவள். தலைமைப் பண்பு உடையவள்.

"யாரு இது?"

"தாரிணி."

"அப்ப வைகா?"

"அவளும் இதேதான்."

"என்ன விலங்கு?"

"பொதுவா விலங்குகள், குருஜி."

குரு ஒரு பழுத்த இலையை எடுத்துத் தனியே வைத்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா. ஆயா வேண்டாம்."

*

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். வாசலில் பூர்ணிமாவின் செருப்பும் நான்கு வெள்ளை ஷூக்களும் மட்டும் கிடந்தன.

குரு குனிந்து, அந்த நான்கையும் நன்றாகக் கலைத்துவிட்டாள்.

"போட்டு விடு."

ஐந்து வயதாகியும் அந்த வீட்டில் ஷூ மாட்டுவது ஆயாவின் வேலை. பூர்ணிமா தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு எரிச்சல்.

"ஒரே கடை, ஒரே சைஸ். யாருக்கு எதைப் போட்டா என்ன?"

"அப்ப போட்டு விடு" என்றாள் குரு.

இடது, வலது பார்த்துப் போட்டாள். அந்த அளவுக்குக் கான்வென்ட் படிப்பு உதவியது.

தாரிணி இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கிப் போனாள். வைகா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். சீக்கிரம் வா என்று பூர்ணிமா மூன்று முறை சொன்னாள். கார் வரைக்கும் அப்படியே நடந்தாள் அந்தப் பெண். காரில் ஏறியதும் சத்தமில்லாமல் ஷூவைக் கழற்றினாள். குதிகால் சிவந்து, தோல் வழன்றிருந்தது.

சிக்னலில் நின்றபோது பூர்ணிமா கண்ணாடியில் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"இது தாரிணியோடது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சைக்கிள்ல காலைத் தேச்சுதான் பிரேக் போடுவா. உள்ள அட்டை பிஞ்சு குத்தும்."

"அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?"

வைகா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"நீங்கதானே மம்மி போட்டு விட்டீங்க."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். முதலில் ஒரு கார், பிறகு தெரு முழுக்க.

பூர்ணிமா வண்டியை எடுக்கவில்லை.

*

வியாழக்கிழமை அவள் தனியாக வந்தாள். கையில் ஒரு தாள். நிறைய அடித்துத் திருத்தியிருந்தது.

"படி" என்றாள் குரு.

"வைகா தோசையின் ஓரத்தை முதலில் தின்பாள். குளிக்கத் தண்ணீர் அதிகச் சூடாக இருந்தாலும் சொல்ல மாட்டாள், தோள் மட்டும் மேலே ஏறும். லிஃப்ட் கதவு மூடும்போது யாராவது ஓடி வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பாள். நாய்க்குப் பயப்படுவாள். தானாக எதையும் சொல்ல மாட்டாள். கேட்டால் சொல்வாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்."

"இதுல ஆயா சொன்னது எது?"

பூர்ணிமா தாளையே பார்த்தாள்.

"தோசை. சுடுதண்ணி."

"மத்தது?"

"ரெண்டு நாளா பார்த்தது."

குரு தலையசைத்தாள்.

இப்போதாவது பதில் சொல்லுங்கள் என்றாள் பூர்ணிமா. நாளைக்குப் பன்னிரண்டு மணி. இந்தத் தாளைக் கொடுத்தால் வைகாவுக்கும் இடம் கிடைத்துவிடும் என்று ஆபீசில் சூசகமாகச் சொல்லிவிட்டார்கள். கொடுக்கட்டுமா, வேண்டாமா?

"அவங்க கேட்டதை நீ எழுதிட்டே" என்றாள் குரு. "நீ அவங்களை என்ன கேட்டே?"

நீச்சல் குளம், குதிரை, பஸ். பூர்ணிமா சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

உள்ளே வகுப்புக்கு வந்தவர்கள் சுலோகம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். குரு எழுந்து போய், வாசலில் கிடந்த நாற்பது செருப்புகளில் ஒன்றை எடுத்து வந்து பூர்ணிமாவின் மடியில் வைத்தாள். பட்டுப்புடவை மேல்.

"யாரோடது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சம்சாரம் வசந்தமாலாவோடது. விரல் பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பார். எங்க உக்காந்தாலும் எழுந்துக்கத் தயாரா உக்காருவா."

செருப்பை எடுத்துக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு வகுப்பு எடுக்க உள்ளே போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. பூர்ணிமா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு 'ஸ்கூலு'க்குப் போனாள்.

காலையில் ஷூவை அவளே போட்டுவிட்டாள். மாற்றிப் போடவில்லை.

பிரின்சிபால் அம்மையார் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இப்படி ஒரு தாயை நான் பார்த்ததில்லை என்றார். இதை எல்லாத் தாய்மார்களிடமும் சொல்வார் என்று பூர்ணிமாவுக்குத் தோன்றியது. ஆனால் நல்ல மனுஷிதான். இரண்டு பேருக்கும் இடம் தந்தாயிற்று, பன்னிரண்டு மணிக்குள் ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

வந்த காரியம் முடிந்தது. அவள் புறப்பட்டிருக்கலாம்.

வராந்தாவில் ஓர் அறைக்கு வெளியே குழந்தைகளின் ஷூக்கள் வரிசையாக இருந்தன. உள்ளே யோகா. வாசலில் அழகான ஓர் இளம் ஆசிரியை. பூர்ணிமா ஒரு ஷூவைக் கையில் எடுத்தாள்.

"இது யாரோடது, மிஸ்?"

ஆசிரியை சிரித்துக்கொண்டே ஷூவை வாங்கி, அதன் நாக்கைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு ஸ்டிக்கர், கறுப்புக் கோடுகள்.

"எங்ககிட்ட எதுவும் தொலையவே தொலையாது மேம். ஸ்கேன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் பூர்ணிமா.

*

அதே சாலையின் கோடியில், பழைய பங்களா ஒன்றில், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு தனியார் பள்ளி உண்டு. அட்டவணையில் அவள் முதலில் அடித்து நீக்கிய பெயர் அதுதான். குளம் இல்லை, குதிரை இல்லை. பஸ்ஸே இல்லை.

மணி பதினொன்றே முக்கால்.

வகுப்பறை வாசலில் ஒரு மர ஷெல்ஃப். அதில் ஷூக்கள், செருப்புகள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மிஸ் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். நடு வயது, நரைக்குச் சாயம் போடவில்லை. பெயர் பிலோமினா என்றாள். எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோலை வைத்தால் கோடு கோணிவிடுமாம்.

தாரிணி யாரையும் கேட்காமல் ஷூவை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

வைகா அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்றாள்.

"உன் பேர் என்ன?" என்று கேட்டாள் மிஸ்.

பதில் இல்லை.

சொல்லு கண்ணா என்று பூர்ணிமா சொல்லப் போனாள். வாயை மூடிக்கொண்டாள். மிஸ் மறுபடி கேட்கவில்லை. காகிதத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மீன் முடிந்தது. அடுத்த மீனுக்கு வால் வந்தது.

"வைகா" என்று புடவைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரி" என்றாள் மிஸ்.

பூர்ணிமா ஷெல்ஃபிலிருந்து ஒரு சின்னக் கறுப்பு ஷூவை எடுத்தாள்.

"இது யாரோடது?"

மிஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜோயலோடது. வலது கால்தானே? அது மட்டும் தேயும். சாயங்காலம் அவங்க அப்பா வண்டி வர்ற வரைக்கும் வாசல் கேட்டுல அந்தக் காலாலயே தரையைத் தேச்சுக்கிட்டு நிப்பான். ஏன், கீழ விழுந்து கிடந்ததா?"

"இல்லை" என்றாள் பூர்ணிமா. "சும்மா கேட்டேன்."

போன் அடித்தது. 'ஸ்கூல்' ஆபீஸ்.

மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, இரண்டு சீட்டையும் உறுதி பண்ணிவிடலாமா என்று கேட்டது ஒரு பெண் குரல். காத்திருப்போர் பட்டியலில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னது. மிரட்டலாக இல்லை, தகவலாக.

"ஒரு நிமிஷம்" என்றாள் பூர்ணிமா. "கேட்டுட்டுச் சொல்றேன்."

"யாரைக் கேக்கணும் மேடம்? சாரையா?"

பூர்ணிமா திரும்பினாள். புடவைக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஷெல்ஃபுக்குக் கீழே ஒரு ஜோடி வெள்ளை ஷூ ஆளுக்கொரு திசையில் கிடந்தது, ஒன்று குப்புற.

ஷெல்ஃபில், வரிசையின் கடைசியில், இன்னொரு ஜோடி. வார் திரும்ப மாட்டி, நுனி சுவரைப் பார்த்து, ஜோயலின் ஷூ இருந்த இடத்தைக் கொஞ்சம் விட்டு.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? யாரைக் கேக்கணும்?"

"கேட்டாச்சு" என்றாள் பூர்ணிமா.