இலைக்கு முன் அவியல்

"அம்மா, மடத்துக் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு" என்றார் திருமேனி.

திருமேனி மடத்தின் மூத்த சீடர். தலை முழுக்க நரை. குருவான மாதங்கி அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அம்மை முன்னால் நின்றால் அவருக்கு நாக்கு குழறும்.

"என்ன பண்ணுது?"

"அன்னதானத் தேதியெல்லாம் அதுலதான் ஏத்தி வெச்சிருக்கேன். வரிசையாக் காட்டுன்னா, அக்டோபர் முதல்ல வருது. அதுக்கடுத்து ஆகஸ்ட். அதுக்கும் அப்புறம்தான் ஏப்ரல்."

அதைப் பார்த்து, அடுத்த அன்னதானம் அக்டோபரில்தான் என்று நம்பிய சமையல்காரர் நேற்று அடுப்பே மூட்டவில்லை. காதுகுத்துக்கு வந்த கூட்டம் ஆளுக்கொரு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் திட்டிக்கொண்டே போனது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் திருமேனிக்கு மாட்டுத் தொழுவத்தில்தான் வேலை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. திருமேனிக்கோ மாடு என்றால் குலை நடுங்கும். பாவம், அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது.

"தேதியை எப்படி ஏத்துறீங்க?"

"அன்பர்கள் வாயில எப்படி வருதோ அப்படியே எழுத்தா அடிச்சிடுவேன். 'ஏப்ரல் ஒன்பது'ன்னா ஏப்ரல் ஒன்பது. அவங்களைத் திருத்த நான் யாரும்மா?"

சொல்லும்போதே தன் பணிவை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

அம்மை எழுந்தார். "சாப்பிட வாங்க" என்றார்.

திருமேனி பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அம்மையே பரிமாற வந்தார். முதலில் ஓர் அப்பளத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"அம்மா, இலை?"

"வரும்."

அடுத்து அவியல் வந்தது, சுடச்சுட. வேறு வழியில்லாமல் திருமேனி இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"அம்மா, சுடுது! இலையைப் போடுங்க!"

"அப்பளம், அவியல். 'அ' முடிஞ்சாத்தானே இலை வரும்?"

"இது எந்த ஊர் வழக்கம்மா?"

"எழுத்தாக் குடுத்தா அகர வரிசையிலதான் அடுக்க முடியும். இலைக்கு அப்புறம் ஊறுகாய். சாதம் வர நேரமாகும். பாயசம் ஆகி, மோர் ஆகி, கடைசியா ரசம்."

எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருமேனி சிரிக்கவில்லை. கையிலிருந்த அவியலையே வெறித்துப் பார்த்தார்.

"அக்டோபர்... ஆகஸ்ட்... ஏப்ரல்..." என்று முணுமுணுத்தார். பிறகு, "ஐயையோ!" என்றார்.

"என்ன?"

"வருஷம் முதல்லம்மா! அப்புறம் மாசம், அப்புறம் நாள். எல்லாம் எண்ணுலதான் ஏத்தணும். ஒன்பதுன்னா முன்னால ஒரு சைபர், இல்லேன்னா பத்து முந்திக்கும்!"

விரலிடுக்கில் அவியல் வழிந்தது. அம்மை அவசரப்படவில்லை.

"நாளைக்கு ஒரு அன்பர் வந்து 'சித்திரை ரெண்டாவது ஞாயிறு'ன்னு சொன்னா?"

"அவர் எப்படி வேணும்னாலும் சொல்லட்டும், உள்ளே போறது ஒரே மாதிரிதான் போகும். சுடுதும்மா!"

அம்மை இலையைப் போட்டார்.